இளையோர் பாலே குழுவின் வரலாற்றை ஆய்வேடாக எழுதுவோருக்கு: நான்கு தேதிகளும் ஒரு படிவமும்

அமெரிக்காவில் நடன வரலாறோ கலை மேலாண்மையோ படிப்பவர்களுக்கு, பருவ இறுதியில் உள்ளூர்க் கலை அமைப்பு ஒன்றின் வரலாற்றை எழுதச் சொல்வது உண்டு. இலாப நோக்கற்ற இளையோர் பாலே குழு அதற்குத் தோதான தலைப்பு. பல சிறிய ஊர்களில்கூட ஒன்று இருக்கும், ஆவணங்களும் கிடைக்கும். மதிப்பெண் போவது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே, "குழு தொடங்கிய ஆண்டு" என்று எழுதும் வரியில்.

இப்படிப்பட்ட குழுவுக்கு நான்கு பிறந்தநாள் உண்டு. ஆசிரியை நடனப் பள்ளி திறந்த நாள் ஒன்று. குழுவின் பெயரில் முதல் மேடை ஏறிய நாள் இன்னொன்று. மாநில அரசிடம் அமைப்பாகப் பதிந்த நாளும், தொண்டு, கல்வி அமைப்புகளுக்கான 501(சி)(3) பிரிவில் வருமான வரித்துறை வரிவிலக்குக் கடிதம் தந்த நாளும் வேறு வேறு. ஆண்டுவிழா மலரில் அச்சாவது இவற்றில் பழையதுதான். அட்லாண்டாவைப் பாருங்கள். நடன ஆசிரியை டோரத்தி அலெக்சாண்டர் பள்ளி தொடங்கியது 1921-ல். அவருடைய மேடை நடனக் குழு 1929-ல் வந்தது. இன்று நாம் சொல்லும் 'அட்லாண்டா பாலே' என்ற பெயர் 1967-க்கு உரியது. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் ஒரு ஆண்டை மட்டும் போட்டால், தேர்வாளர் அங்கேயே கோடு கிழிப்பார்.

ஆகவே முதல் இரண்டு வாரமும் தேதிகளுக்கே. மாநிலப் பதிவு ஆண்டு, வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தரும் படிவம் 990-இன் முதல் பக்கத்தில், மேற்பகுதியிலேயே 'எல்' என்ற கட்டத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டம் 'எம்' எந்த மாநிலம் என்று சொல்லும். விலக்குக் கடிதத்தில் ஒரு பொறி உண்டு. அமைப்பு உருவான மாதத்தின் முடிவிலிருந்து 27 மாதத்துக்குள் விண்ணப்பித்திருந்தால், விலக்கு உருவான நாளிலிருந்தே செல்லும். கடிதத்தின் தேதி வேறு, விலக்கு அமலுக்கு வந்த தேதி வேறு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிவம் 990 பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் இலவசத் தேடுபக்கத்தில் பெயரைக் கொடுத்தால் போதும், ஒன்பது இலக்க அடையாள எண் தெரிந்தால் இன்னும் நல்லது. அலுவலகத்துக்கே போய்க் கேட்டாலும் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களைக் காட்டியாக வேண்டும். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் அவர்கள் போடுவது 990-என் என்ற அஞ்சலட்டை அளவுப் பதிவுதான். அதில் வரவுசெலவு இராது. குழுவைத் தேர்ந்தெடுக்குமுன் இதைப் பார்க்காதவர்கள் ஐந்தாம் வாரத்தில் தலைப்பை மாற்றித் திண்டாடுவார்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு படிவம் போடாத அமைப்பின் விலக்கு தானாகவே ரத்தாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவில் புதிய அமலாக்கத் தேதி தென்பட்டால் அது குழு புதிதாகப் பிறந்த தேதி ஆகாது. ரத்தாகி மீண்டதாக இருக்கலாம்.

முழுப் படிவம் கிடைத்தால் முதலில் ஷெட்யூல் எல் இருக்கிறதா என்று புரட்டுங்கள்; அமைப்பு தன் நிர்வாகிகளோடும் அவர்களின் தொழில்களோடும் செய்த கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் இணைப்புத் தாள் அது. நிறுவனரின் சொந்த நடனப் பள்ளி தனியார் தொழில். குழு இலாப நோக்கற்ற அமைப்பு. குழு ஒத்திகைக்கு அதே பள்ளியின் கூடத்தை வாடகைக்கு எடுத்தால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும்போது அது இங்கே வந்தாக வேண்டும். யார் யாரைத் தாங்கினார்கள் என்பதற்கான தடயம் அந்த ஒரு தாளில் கிடக்கும். அந்தத் தாள் இல்லையென்றால் தவறு என்று பொருளில்லை. அவசரப்பட்டுக் குற்றம் சாட்டி எழுதாதீர்கள். "இலாப நோக்கற்றது, ஆனாலும் மிச்சம் காட்டுகிறது" என்று வியப்பதும் வேண்டாம். மிச்சம் வரலாம். அதை ஆட்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கத்தான் கூடாது.

வரவுக்கு வந்தால் 'நட்கிராக்கர்' என்ற கிறிஸ்துமஸ் கால பாலே இல்லாமல் கணக்கு ஓடாது. 1892-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேறிய இந்தப் படைப்பை, அமெரிக்காவில் முதன்முதலாக முழுநீளமாக ஆடியது சான் பிரான்சிஸ்கோ பாலே, 1944 டிசம்பர் 24 அன்று. நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் நியூயார்க் வடிவம் 1954 பிப்ரவரியில் வந்தது. சிறு குழுக்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது: விருந்துக் காட்சியில் குழந்தைகள், எலிகள், பொம்மைச் சிப்பாய்கள் என்று எவ்வளவு பேர் வந்தாலும் வேடம் உண்டு, ஒவ்வொரு வேடத்தின் பின்னாலும் தாத்தா பாட்டி வரை டிக்கெட் உண்டு. பழைய விழா மலர்களின் நடிகர் பட்டியலை ஆண்டுவாரியாக எண்ணுங்கள். அதே வேடங்களை மாறி மாறி ஆடும் ஏ, பி என்ற இரண்டு அணி எந்த ஆண்டு தோன்றியது? முக்கிய வேடமான சுகர் பிளம் தேவதையை ஆடியது குழுவின் மாணவியா, வெளியிலிருந்து கூலிக்கு அழைத்த தொழில்முறை ஆட்டக்காரரா? குழு வளர்ந்த கதையை நிறுவனரின் பேட்டியைவிட இந்த எண்ணிக்கை நேர்மையாகச் சொல்லும். நட்கிராக்கருக்கு சைக்கோவ்ஸ்கி அமைத்த இசைக்கு உரிமை கேட்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவின் கதை வேறு. பாலன்சீன் வடிவத்தை ஆட அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். எனவே மலரில் "நடன அமைப்பு" என்ற வரியைத் தவறாமல் படியுங்கள்.

பின்னணி அத்தியாயம் நீள வேண்டாம், மூன்று புள்ளி போதும். 1956-ல் அட்லாண்டாவில் டோரத்தி அலெக்சாண்டர் நடத்திய முதல் பிராந்திய பாலே விழா. 1963-ல் அந்தப் பிராந்தியக் குழுக்களின் தேசியச் சங்கம். அதே ஆண்டு டிசம்பரில் ஃபோர்டு அறக்கட்டளை பாலேவுக்கு அறிவித்த சுமார் 77 லட்சம் டாலர். அந்தப் பணம் பாலன்சீன் வட்டத்துக்கே போனது என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. வர்ஜீனியா வில்லியம்ஸின் நியூ இங்கிலாந்து சிவிக் பாலே தொழில்முறை பாஸ்டன் பாலே ஆனது அந்தக் காலத்தில்தான். பல ஊர்க் குழுக்கள் பிள்ளைகளின் குழுவாகவே நின்றன. உங்கள் குழு ஏன் அப்படி நின்றது என்ற கேள்விதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு. இதற்கு விடையில்லாத ஏடு வெறும் பாராட்டுமடல்.

பழைய நாளிதழில் குழுவின் பெயரைப் போட்டுத் தேடிப் பாதி பேர் ஏமாறுவார்கள். சிவிக் (நகர), ரீஜனல் (பிராந்திய), யூத் (இளையோர்) என்று பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கும். ஊர்ப்பெயரோடு அரங்கத்தின் பெயரையும் போட்டு, டிசம்பர் முதல் மூன்று வாரத்துக்குள் தேடுங்கள். காங்கிரஸ் நூலகத்தின் இலவச நாளிதழ்த் தொகுப்பு பெரும்பாலும் 1963-ஓடு நிற்கும். அதற்குப் பிறகு ஊர்ப் பொது நூலகத்தின் மைக்ரோஃபிலிம்தான் கதி.

பேட்டிகளைக் கடைசி மாதத்துக்கு வையுங்கள். தேதியும் எண்ணும் கையில் இல்லாமல் போனால் நினைவலைகள் மட்டுமே கிடைக்கும். கையொப்பமிட்ட ஒப்புதல் தாள் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் கையொப்பமும். நடிகர் பட்டியலில் உள்ள குழந்தைகளின் பெயர்களை ஏட்டில் ஏற்றாமல் வேடமும் எண்ணிக்கையும் மட்டும் தாருங்கள். மலர் கிடைக்காத ஆண்டுகளை அட்டவணையில் வெற்றுக் கட்டமாகவே விட்டு, "கிடைக்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் சராசரியைப் போட்டு நிரப்பினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அந்தக் கட்டத்திலிருந்துதான் வரும்.