எட்டு நாள் பேர்

ஹட்டனில் விடியற்காலையிலிருந்து மழை. அலுமாரியைத் துடைத்தபோது 'ஹவுஸ்' மருத்துவத் தொடரின் நான்காம் சீசன் டிவிடி கையில் பட்டது. உறையின் ஓரமெல்லாம் பூஞ்சணம். இந்தக் குளிரில் அது எதைத்தான் விட்டுவைத்தது?

போட்டதும் அப்பா கம்பளியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கைத்தடியூன்றி நொண்டிக்கொண்டே எல்லோரையும் ஏசும் அந்த வைத்தியரை அவருக்குப் பிடிக்கும். "நம் பழைய கங்காணியேதான்" என்பார்.

உறையைத் திருப்பினேன். மூன்றாம் சீசனில் 24 அத்தியாயங்கள். இதில் 16 மட்டுமே.

"கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?"

"இல்லை அப்பா. 2007 நவம்பரில் அமெரிக்காவில் கதை எழுதுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல். டிவிடி விற்கிற காசிலும் இணைய வருமானத்திலும் பங்கு கேட்டார்கள்."

தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த மனிதர். ஒரு நாள் கூலியைக் கணக்கில் பதிவதை இன்றும் 'பேர் போடுவது' என்றுதான் சொல்வார். முதுகு நிமிர்ந்துவிட்டது. திரையில் நோயாளி வலிப்பில் துடிக்கிறான், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிடைத்ததா?"

"இணையத்துக்குக் கிடைத்தது. டிவிடிக்கு இல்லை."

வெற்று உறையை வாங்கி, பூஞ்சணத்தைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார்.

"சரி, அந்த எட்டுக்கும் பேர் போட்டார்களா?"