பிளாட் பாக்கணுமா, மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க

போன ஞாயித்துக்கெழம வீட்டம்மாவோட தம்பி ஓசூர்ல இருந்து பைக்ல வந்து எறங்குனான். ஹெல்மெட்ட கழட்டுன கையோட "மாமா, ஓசூர்ல கையே வெக்க முடியல, இங்க கிருஷ்ணகிரி பக்கமே முப்பதுக்கு நாப்பது அடில ஒரு மனை பாத்துடலாம்"ன்னான். சிப்காட் தொழிற்பேட்டைல ஒரு கம்பெனில வேல, கல்யாணத்துக்கு பொண்ணு பாக்குறாங்க, பொண்ணு வீட்டுல மொத கேள்வியே சொந்த எடம் இருக்கான்னுதான். பாவம் அவனும் என்ன பண்ணுவான்.

அவன் சொல்றதும் நெசம்தான். ஓசூர் 2019ல மாநகராட்சி ஆச்சு, அதுக்கு முன்னாடியே பெங்களூர்ல வாங்க முடியாதவங்க எல்லாம் அங்க வந்து வாங்கிட்டாங்க, அப்புறம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்துச்சு, ஏத்தர் வந்துச்சு, இந்தப் பக்கம் போச்சம்பள்ளில ஓலா ஸ்கூட்டர் கம்பெனி வந்துச்சு. 2024 ஜூன்ல ஓசூருக்கு ஏர்போர்ட்னு சட்டசபைல முதலமைச்சர் சொன்னாரு பாருங்க, அன்னிலேருந்து எங்க ஊரு புரோக்கருங்க வாயில வேற வார்த்தையே வர்றதில்ல. ஓசூருக்கும் எங்களுக்கும் கிட்டத்தட்ட அம்பது கிலோமீட்டர், ஆனா நோட்டீஸ்ல "ஏர்போர்ட் மிக அருகில்"னு போட்டிருக்கான். கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னிக்கி வரைக்கும் ரயிலே கெடையாது, ரயில் வராத ஊர்ல பிளேன காட்டி பிளாட் விக்கிறோம், நாங்க கெட்டிக்காரங்கதான்.

விக்கிறதுக்கு நெலம் எங்கேருந்து வருதுன்னு கேக்காதீங்க, எல்லாம் மாந்தோப்புதான். காய் வெல போன வருஷம் கட்டல இந்த வருஷமும் கட்டல, பறிக்கிற கூலி கூட வரலன்னா தோப்புக்காரரு எத்தன நாளுதான் தாங்குவாரு. ஜேசிபி விட்டு ஒரே வாரத்துல மட்டம் அடிச்சுடுறாங்க. செம்மண்ணுல மஞ்சளும் வெள்ளையும் அடிச்ச கல்லு நட்டு, முன்னாடி ஒரு ஆர்ச்சு, அதுல ஏதோ ஒரு கார்டன்னு பேரு. கார்டன்ல இருந்த மரம் எல்லாம் வெறகா போயாச்சு, மூலையில ஆபீஸ் ஷெட்டுக்கு நெழலுக்குன்னு ஒரே ஒரு பெங்களூரா மாமரத்த மட்டும் விட்டு வெச்சிருப்பாங்க.

சரி மாப்ள போலாம்னு ஒரு புரோக்கருக்கு போன் போட்டேன். "காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க சார், இல்லன்னா சாயந்தரம் அஞ்சரைக்கு மேல, அருமையா காத்து வரும்"னாரு. நான் மத்தியானம் ரெண்டு மணிக்குன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சார், கத்திரி வெயில் சார்"னாரு. அதுக்குத்தாண்ணா வர்றோம்னேன்.

இத நான் வெளையாட்டுக்கு சொல்லல. என் பிளாட்ட நான் வாங்குனது ஒரு டிசம்பர் மாசம் காலைல, பனி எறங்கிட்டு இருந்துச்சு, தூரத்துல மலை தெரியுது, பக்கத்து தோட்டத்துல ராகி நிக்கிது, சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. அந்த சொர்க்கத்துல மே மாசம் போர்ல தண்ணி வராதுன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு வருஷம் டிராக்டர் டேங்கருக்கு அழுத காச சேத்தா இன்னொரு போரே போட்டிருக்கலாம்.

அந்த லேஅவுட்டுக்கு போனோம். புரோக்கர் கார விட்டு எறங்கவே இல்ல, ஏசி போட்டு கண்ணாடிய பாதி எறக்கி "அந்த கார்னர் பிளாட்டு பாருங்க சார்"ங்கிறாரு. நாங்க எறங்குனா செருப்ப தாண்டி சூடு ஏறுது. உள்ள ஏற்கெனவே நாலு வீடு கட்டியிருக்காங்க, மூணாவது வீட்டு வாசல்ல டிராக்டர் டேங்கர் நிக்குது, சம்ப்பு மூடிய தெறந்து ஓஸ விட்டுட்டு ஒரு பையன் வேப்பங்குச்சி கடிச்சுட்டு உக்காந்திருக்கான். எனக்கு பாதி பதில் கெடச்சாச்சு. மீதி பதில் ரோட்டோர டீக்கடைல. "அக்கா இங்க தண்ணி எப்படி"ன்னேன், "எதுக்கு, எடம் வாங்கப் போறீங்களா"ன்னு கேட்டுட்டு டம்ளர் கழுவுற பக்கெட்ட காட்டுனாங்க, அதுல சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சு கெடக்கு. "பங்குனி முடிஞ்சா போரு காத்துதான் கக்கும், ஒகேனக்கல் தண்ணி குழா இருக்கு, நாளு பாத்துத்தான் வரும்"னாங்க. புரோக்கரு குடுத்த கலர் நோட்டீஸ்ல "24 மணி நேரமும் சுவையான நிலத்தடி நீர்"னு இருக்கு.

இந்த போர் தண்ணி விஷயத்த எளிசா எடுத்துக்காதீங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நெலத்தடி தண்ணில புளோரைடு ஜாஸ்தி, பல்லு காவி புடிக்கிறது எலும்பு வளையிறதுன்னு பெரியவங்க பட்டதெல்லாம் அதாலதான், அதுக்குத்தான் 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்த கொண்டு வந்தாங்க. கொதிக்க வெச்சா புளோரைடு போயிடும்னு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, போகாது, தண்ணி சுண்டுனா இன்னும் கெட்டிதான் ஆகும். அதனால எடம் பாக்கும்போது போர் தண்ணி எவ்ளோன்னு மட்டும் கேக்காம ஒகேனக்கல் லைன் அந்த தெருவுக்குள்ள வந்திருக்கான்னு கேளுங்க. போர் ஆழத்த புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, அங்க குடி வந்தவங்ககிட்ட கேளுங்க. நம்ம ஊரு முழுக்க பாற, திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து போட ஆரம்பிச்சா ஆழம் போகப் போக அடி ரேட்டும் ஏறும், ஆயிரம் அடி போயி வெறும் சாம்பக்கலர் தூசி மட்டும் வந்தா அதுக்கும் நாமதான் காசு குடுக்கணும்.

பத்திர வேலைய பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை அப்ரூவல் இருக்கணும், 500 சதுர மீட்டருக்கு மேல இருக்குற லேஅவுட்டுன்னா ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட நம்பரும் இருக்கணும். நம்பர எழுதி வாங்கி நீங்களே ஆன்லைன்ல பாருங்க, நோட்டீஸ்ல போட்டிருக்குன்னு நம்பாதீங்க. அப்ரூவல் இல்லாத மனைய இப்ப ரிஜிஸ்தரே பண்ண மாட்டாங்க, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பத்திரம் ஆன மனைன்னா வரன்முறை ஆச்சான்னு, அதாவது அப்புறமா அனுமதி வாங்குனாங்களான்னு கேளுங்க. எடத்து மேல கடன் கிடன் இருக்கான்னு காட்டுற வில்லங்கச் சான்ற முப்பது வருஷத்துக்கு போட்டு பாருங்க. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியா எடுத்து வெக்கணும், எங்காளு இத கணக்குலயே சேக்கல. பத்து லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்த பொம்பளைங்க பேர்ல வாங்குனா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் கொறைவு, 2025 ஏப்ரல்லேருந்து. "அப்ப அம்மா பேர்ல வாங்கிடுறேன்"னான், வீட்டம்மா உள்ள இருந்து "ஏன் அக்கா பேர்ல வாங்க மாட்டியா"ன்னு ஒரு சத்தம்.

இப்ப ஏற்கெனவே வீடு கட்டிட்டு வெந்துட்டு இருக்குற என்ன மாதிரி ஆளுங்களுக்கு வர்றேன்.

நான் பண்ண மொத தப்பு, மேக்கு பாத்த பெட்ரூம். என்ஜினியரு வாஸ்துன்னாரு, தென்மேற்கு மூலைல குடும்பத் தலைவர் படுக்கணும்னாரு, சரின்னுட்டேன். குடும்பத் தலைவர் நாலு வருஷமா ஹால்ல பாய் போட்டு படுக்குறாரு. மத்தியானம் ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் வெயில் நேரா அந்த செவத்துல அடிக்கிது, மேல அஞ்சு இஞ்சு கான்கிரீட்டு, அது பகல் பூரா சூட்ட வாங்கி வெச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கீழ எறக்கும். வெளிய காத்து ஜிலுஜிலுன்னு இருக்கும், உள்ள ஃபேன் போட்டா அடுப்பு ஊதுற மாதிரி இருக்கும்.

இதுக்கு நான் பண்ணதுல நெசமா வேல செஞ்சது சுண்ணாம்புதான். கூல் ரூஃப் பெயிண்ட்டுன்னு விக்கிறாங்க, நல்லதுதான், என் பட்ஜெட்டுக்கு ஆகல. மாசி கடைசில மாடிய நல்லா பெருக்கி கழுவி காயவிட்டு, சுண்ணாம்ப முந்தின நாளே டிரம்ல ஊற வெச்சு, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து தென்னம்மட்ட பிரஷ்ஷால ரெண்டு கோட்டு. ஊற வெக்கிறப்ப கிட்ட நிக்காதீங்க, அது தளதளன்னு கொதிக்கும், கல்லு சுண்ணாம்பு சும்மா இல்ல, மொத வருஷம் மொழங்கைல தெறிச்ச தழும்பு இன்னும் இருக்கு, கண்ணுல பட்டா அவ்ளோதான், கண்ணாடி கண்டிப்பா போடுங்க. அடிச்ச அன்னிக்கி பெரிசா ஒண்ணும் தெரியல. அடுத்த வாரம் எரநூத்தம்பது ரூபாய்க்கு வாங்குன தெர்மாமீட்டர்ல ராத்திரி ஒம்போது மணிக்கு பாத்தா, மின்ன 36 காட்டுன ரூம்ல 33. மூணு டிகிரிதான்னு தோணும், ஆனா தூக்கம் வர்றதுக்கும் வராததுக்கும் நடுவுல அந்த மூணுதான் இருக்கு. மழை பெஞ்சா கரைஞ்சுடும், வருஷா வருஷம் அடிக்கணும், அது ஒண்ணுதான் ரோதன.

சாயந்தரம் மாடில தண்ணி தெளிக்கிறாங்க பாருங்க, டேங்கர் வாங்குற வீட்டுல அத பண்ணாதீங்க, மனசு வலிக்குது. மேக்கு செவத்துக்கு வெளிய ஒரு அடி தள்ளி பச்ச நெட்டு கட்டுங்க, செவத்தோட ஒட்டி கட்டாதீங்க, நடுவுல காத்து போகணும். நான் மொதல்ல முருங்க வெச்சேன், கம்பளிப்பூச்சி பெட்ரூம் வரைக்கும் வந்து வீட்டம்மா பத்து நாள் பேசல. வெட்டிட்டு புங்கன் வெச்சேன், இப்ப சன்ஷேட தாண்டிருச்சு, வெச்சா புங்கன் வெய்ங்க. காலைல ஒம்போதரைக்கு ஜன்னல எல்லாம் சாத்திடணும், சாயந்தரம் ஏழு மணிக்கு மேல மொத்தத்தையும் தெறந்து விடணும், நம்மாளுங்க இத தலைகீழா பண்ணிட்டு வீடு வேகுதுன்னு பொலம்புறாங்க. ஆனா தெறந்து விடுறப்ப கதவுக்கு கீழ சந்து இருந்தா சாக்க அடைச்சு வெய்ங்க, பாறக்காட்ட ஒட்டி கட்டுன வீட்டுல வெயிலுக்கு தேள் உள்ளதான் வரும், காலைல ஷூவ தட்டாம காலு விடாதீங்க.

மாடி டேங்க்கு கருப்பா இருந்தா அதுக்கும் வெள்ள அடிச்சு கோணிப்பைய சுத்துங்க, மத்தியானம் குழாயில வர்ற தண்ணில டீத்தூள் போட்டா டீயே ஆயிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மாசம் ஒரு தடவ பாருங்க, வெயில்ல சீக்கிரம் எறங்கும்.

கரண்டு பில்லுல ஒரு கணக்கு. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுனா மேல போன யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருந்த சலுக ரேட்டும் போயிடும், அதனால 490ல நிக்கிற பில்லுக்கும் 510ல நிக்கிற பில்லுக்கும் நல்ல வித்தியாசம் வரும். பழைய ஃபேன் 75 வாட்டு, நாள்ல இருவது மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல 90 யூனிட்டு, அதே கரண்டு கம்மியா இழுக்குற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுன்னா 36தான். மூணு ஃபேன் மாத்துனா ஏசிக்கு கொஞ்சம் எடம் கெடைக்கும். சோலார் போடுறவங்களுக்கு மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 வருது, நான் இன்னும் யோசிச்சுட்டே இருக்கேன், பேனலு போட்டா அது நெழலா நிக்கிற எடத்துல சுண்ணாம்பு அடிக்கிற வேலயாவது மிச்சம்.

மறுபடி மச்சான் கதைக்கு. அந்த கார்னர் பிளாட்டு வேணாம்னு வந்துட்டோம், அடுத்து இன்னொண்ணு பாத்தோம், அது நல்லாவே இருந்துச்சு, தண்ணி இருக்கு, பக்கத்து வீட்டு போரு நானூறு அடில ஓடுது, வெலையும் பரவால்ல. பய அட்வான்ஸ் குடுக்க பாக்கெட்டுல கைய விட்டுட்டான். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம், சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்குறப்ப இங்க மட்டும் ஏன் தண்ணின்னு. கொஞ்சம் நடந்து போயி பாத்தா பின்னாடி கரை மாதிரி ஒரு மேடு, அதுல ரெண்டு பனமரம், ஒரு பாழடைஞ்ச மதகு. ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர் "ஏரிப்பா, தண்ணி வந்து வருஷமாச்சு"ன்னாரு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப எங்க மாவட்டத்து ஊத்தங்கரைல ஒரே நாள்ல அம்பது சென்டிமீட்டர் கொட்டுச்சே, ரோட்டோரம் நின்ன வண்டியெல்லாம் அடிச்சுட்டு போச்சே, வீடியோ பாத்திருப்பீங்க, அந்த மாதிரி மழை வந்தா ஏரித் தண்ணி இந்த பிளாட்டுக்குள்ளயும் வரலாம். வெயில்ல பாத்தா தண்ணி இல்லாத எடம் தெரியும், தண்ணி வர்ற எடம் தெரியாது, அது எனக்கே அன்னிக்கித்தான் ஒறச்சுது.

அதனால சர்வே நம்பர மட்டும் வாங்கி வெச்சிருக்கான், எடத்தோட அளவு காட்டுற எஃப்எம்பி ஸ்கெட்ச்சும், அது பட்டாவா ஏரி புறம்போக்கான்னு காட்டுற அ பதிவேடும் எடுத்து பாத்துட்டு, ஐப்பசி கார்த்திகைல மழை பேயிறப்ப ஒருக்கா போயி பாத்துட்டுத்தான் பேச்சுன்னு சொல்லிட்டேன். புரோக்கரு தெனம் போன் பண்றாரு, "சார் அதுக்குள்ள வெல ஏறிடும் சார், ஏர்போர்ட் சார்"னு. பய ஓசூர் கெளம்புறப்ப வீட்டம்மா ஒரு பை நெறைய செந்தூரா மாம்பழம் கட்டி குடுத்தாங்க, அத வாங்கிட்டு "மாமா, பொண்ணு வீட்டுல என்ன சொல்றது"ன்னான். கார்த்திகைல சொல்றோம்னு சொல்லுடான்னேன்.