போர்ட் விலா கிடங்கிலிருந்து: ஒரு நாட்குறிப்பு

டிசம்பர் 18, 2024

நேற்று மதியம் 12.47-க்கு, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் இந்தப் போர்ட் விலாவில் நிலம் ஆடியது. ரிக்டர் 7.3 என்கிறார்கள். எங்கள் நிவாரணக் கிடங்கின் இரும்பு அடுக்குகள் தாங்கிவிட்டன. மேல்தட்டில் இருந்த தண்ணீர் கேன்கள் மட்டும் சரிந்து விழுந்தன. நகர மையத்தில்தான் பெரிய சேதம். கடைவீதியில் ஒரு கட்டடம் அப்படியே அமுங்கிப்போயிற்று. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், நியூசிலாந்து ஆகிய நான்கு நாட்டுத் தூதரகங்களும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அதன் கீழ்த்தளம் நசுங்கிவிட்டது. உதவி பற்றிப் பேச வேண்டியவர்களுக்கே உட்கார இடமில்லை.

துறைமுகச் சாலையில் நிலச்சரிவு. விமான நிலையத்தில் பயணிகள் விமானம் கிடையாது. தொலைபேசி அவ்வப்போது உயிர் பெறுகிறது. வீட்டுக்கு "நலம்" என்று ஒரு செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என நம்புகிறேன்.

டிசம்பர் 20

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ராணுவ விமானங்கள் வரத் தொடங்கிவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஆட்சியிலுள்ள பக்கத்து நியூ கலிடோனியாவிலிருந்து வந்திருக்கிறார்கள். பசிபிக்கில் பேரிடர் என்றால் இந்த மூவரும் சேர்ந்து இயங்க 1992-லேயே ஓர் ஒப்பந்தம் உண்டு. அதன் பலனை இன்று ஓடுதளத்தில் பார்த்தேன். கான்கிரீட் அறுக்கும் கருவிகளோடு மீட்புக் குழு இறங்கியது. அப்புறம் மருந்து, தார்ப்பாய். யார் முந்தி என்ற தள்ளுமுள்ளு இல்லை.

டிசம்பர் 22

காலையில் மறுபடி ஒன்று, 6.1. யாரும் வீட்டுக்குள் தூங்குவதில்லை. பயணிகள் விமானங்கள் இன்று முதல் மீண்டும் ஓடுகின்றன.

டிசம்பர் 24

தண்ணீர்தான் இப்போது பெரிய தலைவலி. ஓலென் பகுதியின் நீர்த்தேக்கத் தொட்டிகள் உடைந்துவிட்டன. பத்து லிட்டர் மடக்கு கேன்களை இன்று கொடுத்தோம். குழாய் மூடிக்குள் சின்ன ரப்பர் வளையம் ஒன்று தனியாகக் கிடக்கும். அதை எடுத்துச் சரியாகப் பொருத்தாவிட்டால் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியில் உள்ள விளக்கப் படத்தில் அது இல்லவே இல்லை. வரிசையில் நின்ற ஒரு பாட்டி கண்டுபிடித்து, பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் பொருத்திக் காட்டினார். பிறகு அவரையே மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம்.

பாட்டில் தண்ணீரும் வந்து குவிகிறது. 2018-லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த நாடு இது. காலி பாட்டில்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் 29

நாகப்பட்டினத்திலிருந்து தம்பி பேசினான். "அண்ணே, ஊர்ல எல்லாரும் சேர்ந்து துணி அனுப்பலாம்னு இருக்கோம். ஒரு கன்டெய்னர் போதுமா?"

"வேண்டாம்டா, 2004-ல நம்ம ரோட்டோரம் கிடந்துச்சே, மறந்துட்டியா?" என்றேன். சுனாமிக்குப் பின் லாரி லாரியாக வந்து மழையில் நனைந்து கிடந்த பழைய துணி அவனுக்கும் நினைவிருக்கிறது. சிரித்துவிட்டான்.

இந்தத் தீவிலும் அது நடந்தது. 2015 மார்ச்சில் பாம் புயல் அடித்தது. சேதம் சுமார் 45 கோடி டாலர், நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 64 சதவீதம். கேட்காமலே 70-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் வந்தன. குதிகால் செருப்பு, கைப்பை, வெப்பமண்டலத் தீவுக்குக் கம்பளி உடை! பத்து மாதம் கழித்தும் 18 பெட்டிகள் துறைமுகத்தில் வாடகை ஏறியபடி கிடந்தன. வந்த உணவில் பாதிக்கு மேல் காலாவதி. தர்மம் செய்கிறோம் என்று வீட்டைக் காலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது.

எங்கள் கிடங்கு மேற்பார்வையாளர் இதே நாட்டின் பெந்தகோஸ்ட் தீவுக்காரர். 2020 ஏப்ரலில் ஹரோல்ட் புயல் அந்தத் தீவைச் சிதைத்தபோது கொரோனாவால் எல்லை மூடியிருந்தது. வெளிநாட்டு நிபுணர் யாரும் உள்ளே வர முடியவில்லை. வந்த சரக்கையும் கிருமிநாசினி தெளித்து, காக்க வைத்த பிறகே தொட்டார்கள். வேலை முழுவதையும் உள்ளூர்க்காரர்களே செய்தார்கள். "மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை, எங்களுக்கே தெரியும்" என்றார் அவர்.

இந்த முறை நாங்கள் அதே வீட்டுக் கணக்கை வெவ்வேறு படிவங்களில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கொடையாளிக்கும் தனித்தனிப் படிவம்.

ஜனவரி 17, 2025

நேற்று தேர்தல். நவம்பரிலேயே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதால், நிலநடுக்கம் வந்தபோது இருந்தது காபந்து அரசுதான். அதிகாரிகள் நன்றாகவே சமாளித்தார்கள். ஆனால் கடன் வாங்குவதா, மானியம் மட்டுமா, இடிந்த கடைவீதியை அதே இடத்தில் கட்டுவதா என்பதையெல்லாம் புதிய அரசுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியா 5 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் பணமாக வந்ததால் எனக்கு மகிழ்ச்சி.

பிப்ரவரி 12

இறந்தவர்கள் 14 பேர். சேதம் 19.7 கோடி டாலர், ஆண்டு உற்பத்தியில் 17 சதவீதம் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. பாம் புயலோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அது தோட்டங்களையும் கூரைகளையும் கொண்டுபோனது. வாழையும் கிழங்கும் சில மாதங்களில் மீண்டும் விளையும். இப்போது அடிபட்டிருப்பது சுற்றுலாக் கப்பல் பயணிகள் செலவு செய்யும் கடைவீதி. போன மே மாதம் நாட்டின் விமான நிறுவனம் நொடித்ததிலேயே ஹோட்டல்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. வேலை போன பணிப்பெண்ணுக்குத் தார்ப்பாய் கொடுத்து என்ன பயன்?

அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று போன வாரக் கூட்டத்தில் சொன்னேன். "தவறாகச் செலவு செய்துவிட்டால்?" என்று ஒருவர் கேட்டார். கம்பளி உடை அனுப்பியவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஜனவரி 20 முதல் நிறுத்தி வைத்திருக்கிறது. அதை நம்பியிருந்த திட்டங்களின் சம்பளப் பட்டியல் அந்தரத்தில் நிற்கிறது. எங்களுடையது வேறு பணம். ஜூன் வரை ஓடும். ஓலென் தொட்டிக்கான குழாய் வளைவுகளுக்கு இன்று ஆர்டர் போட்டாயிற்று. கப்பல் தேதி மட்டும் இன்னும் வரவில்லை.