ஓபிஎம் பணமும் சோஷியல் செக்யூரிட்டி பணமும்: டிசபிலிட்டி ஓய்வில் நான் கண்ட கணக்கு

அமெரிக்காவின் மேரிலாந்தில் மத்திய அரசின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். முடக்குவாதம் விரல்களுக்கு வந்தபின் பிப்பெட்டை அழுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் ஃபெர்ஸ் (மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டம்) தரும் டிசபிலிட்டி ஓய்வுக்கு, அதாவது உடல் இயலாமையால் பெறும் ஓய்வுக்கு விண்ணப்பித்தேன். 18 மாதப் பணிக்காலம் இருந்தால் போதும். வேலையை விட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

கூடவே சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டிக்கும், அதாவது வேலை செய்ய இயலாதவர்களுக்கு அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை மாதாமாதம் தரும் உதவிக்கும் விண்ணப்பித்தாக வேண்டும். "எப்படியும் மறுத்துவிடுவார்கள், எதற்கு?" என்று தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். சோஷியல் செக்யூரிட்டி மறுத்தாலும், ஃபெர்ஸைக் கவனிக்கும் மத்திய அரசுப் பணியாளர் அலுவலகமான ஓபிஎம் தரும் ஓய்வு கிடைக்கலாம். விண்ணப்பித்ததற்கான அத்தாட்சிதான் ஓபிஎம்முக்கு முக்கியம். இரண்டு இடத்திலும் அளவுகோல் வேறு. நான் இருந்த வேலையை என்னால் செய்ய முடிகிறதா, இந்த நிலை ஒரு வருடமாவது நீடிக்குமா என்று ஓபிஎம் பார்க்கிறது. வேறு எந்த வேலையாவது செய்ய முடியுமா என்று சோஷியல் செக்யூரிட்டி பார்க்கிறது. அதனால் மருத்துவரிடம் நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார முடியும், கை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று விவரமாகக் கேட்டு வாங்கினேன். இரண்டு விண்ணப்பத்துக்கும் அதுதான் கைகொடுத்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். சம்பளம் அதிகமாக இருந்த தொடர்ச்சியான மூன்று வருடங்களின் சராசரி மாதம் 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 12 மாதம் அதில் 60 சதவீதம், அதாவது 3,600. சோஷியல் செக்யூரிட்டி 1,800 தந்தால் அதை முழுசாகக் கழித்துவிட்டு ஓபிஎம் 1,800 தரும். மொத்தம் அதே 3,600தான். அடுத்த வருடத்திலிருந்து 40 சதவீதம், 2,400. இதில் சோஷியல் செக்யூரிட்டி தொகையின் 60 சதவீதமான 1,080 மட்டும் கழியும். ஓபிஎம் 1,320, அங்கிருந்து 1,800, ஆக 3,120. வீட்டுக்கடன் கட்டுபவர்கள் இந்த இறக்கத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி தாமதமாக ஒப்புதல் தந்து, பழைய மாதங்களுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் அனுப்பும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்த மாதங்களில் ஓபிஎம் கழிக்காமல் கொடுத்திருந்தால், கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்கும். ஒப்புதல் கடிதம் வந்ததுமே அதன் நகலை ஓபிஎம்முக்கு அனுப்பினேன், பணத்தைத் தனிக் கணக்கில் போட்டேன். பிறகு அவர்கள் கேட்டபோது அதிலிருந்தே கட்ட முடிந்தது.

அப்புறம், பகுதிநேர வேலை பார்க்க நினைத்தால் கவனம். சம்பாதிப்பது பழைய பதவிக்கு இன்றுள்ள சம்பளத்தில் 80 சதவீதத்தை எட்டாதவரை ஓபிஎம் அனுமதிக்கும். சோஷியல் செக்யூரிட்டியின் மாதச் சம்பாத்திய வரம்பு பெரும்பாலானவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. அதைத் தாண்டி சோஷியல் செக்யூரிட்டி உதவி நின்றுபோனால் அதையும் உடனே ஓபிஎம்முக்கு எழுதுங்கள். நின்ற மாதங்களுக்குக் கழிக்க வேண்டியதில்லை.