கியர் பாக்ஸை இறக்குவது வேறு, பிரிப்பது வேறு

கியர் விழ மறுத்தாலே "பாக்ஸ் போயிடுச்சு" என்று பெரிய எஸ்டிமேட் கைக்கு வந்துவிடுகிறது. இறக்குவது என்றால் பாக்ஸை வண்டியிலிருந்து முழுசாகக் கழற்றுவது; பிரிப்பது என்றால் அதைத் திறந்து உள்ளே வேலை பார்ப்பது. மேனுவல் வண்டி என்றால், சரி சொல்வதற்கு முன் நீங்களே சிலதைப் பார்த்துவிடலாம்.

என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால், ரிவர்ஸ் போடும்போது கறகறத்தால், கிளட்ச் முழுசாக விலகவில்லை. கேபிள் வண்டியில் கேபிளையும், ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும்) வண்டியில் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் கசிவையும் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பாக்ஸைத் தொடவே வேண்டியிருக்காது.

அடுத்து சத்தம். நியூட்ரலில் ஐடிலிங்கில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், என்ஜின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டைத் தாங்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால், பாக்ஸுக்கு வெளியே கிளட்சைத் தள்ளி விலக்கும் ரிலீஸ் பேரிங். இறக்கினால் போதும், பிரிக்க வேண்டாம். கூலியில் பெரிய வித்தியாசம் இங்கேதான். ஒரே ஒரு கியர் மாற்றும்போது மட்டும் உரசினால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங்கை (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையத்தை) சந்தேகிக்கலாம்.

நம் ஊரில் கியர் பாக்ஸ் ஆயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் தேங்கிய மழைநீரும், அடுத்து கடலூருக்குள் வந்த தென்பெண்ணை வெள்ளமும் நினைவிருக்கும். ஓடிச் சூடான பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது காற்று போய்வரும் பிரீதர் துளை வழியாக நீரை உள்ளே இழுத்துவிடும். என்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு பாக்ஸ் ஆயிலை விட்டுவிடுகிறார்கள். பேரிங் உள்ளுக்குள் துருப்பிடித்து மாதக்கணக்கில் கழித்துச் சத்தம் போடும். வடித்த ஆயில் பால் விட்ட டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு இயல்பானது. விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கலாம். அப்போது பிரிக்கச் சொல்வதில் நியாயம் உண்டு.

வடிக்கும் முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இறுகிக்கிடந்தால் காலி பாக்ஸோடு நிற்க வேண்டியதுதான். சின்ன கார்களுக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். கையேடு ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்டால் ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும்.

ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும்) வண்டிக்குள் இருப்பதும் மேனுவல் பாக்ஸ்தான். கிளட்ச் மாற்றியபின் ஸ்கேனர் போட்டு ரீலேர்ன் (புது கிளட்சின் அளவை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) செய்யாமல் விட்டாலே குலுங்கும்.

எஸ்டிமேட்டில் கிளட்சுக்கு ஒரு கூலி, பாக்ஸ் இறக்க இன்னொரு கூலி என்று இருந்தால் கேளுங்கள். இரண்டுக்கும் இறக்குவது ஒரே தடவைதான். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய 28 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கிளட்ச் மாற்றினால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கத்து ஆயில் சீலையும் விடாதீர்கள், அந்தச் செலவு வீண் போகாது. கழற்றிய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி வந்ததும் கடலூர்–புதுச்சேரி ரோட்டில் ஒரு நடை ஓட்டிவிட்டு, நிறுத்திய இடத்தில் அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்.