ஓட்டு இல்லாதவர்களின் பிடிஏ

அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் நம்மவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவிங் லைசென்ஸ், கிரெடிட் ஸ்கோர் என்று எல்லாவற்றையும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. பள்ளிக்கூட அரசியலை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. இத்தனைக்கும் நியூ ஜெர்சியில் நாம் வீடு பார்ப்பதே பள்ளியை வைத்துத்தான். வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்கிற கல்வி வாரியத்தை, பெரும்பாலான ஊர்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 3 ஆண்டு, சம்பளம் கிடையாது.

குடியுரிமை இல்லாதவருக்கு அந்த ஓட்டு இல்லை. எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் உள்ளூர்ப் பள்ளி வாரிய வேட்பாளருக்கு ஐந்து டாலர் நன்கொடை கொடுத்தால்கூடச் சட்டவிரோதம். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், ஆனால் ஓட்டு அவருக்கும் இல்லை. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நகரும் வேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிண்டர்கார்டனில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துப் போகும்வரை, வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்கள் கை தூக்கி வாக்களிக்க மிஞ்சியிருக்கும் இடம் பிடிஏ, அதாவது பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஆண்டுச் சந்தா கட்டினால் உறுப்பினர், என்ன விசா என்று யாரும் கேட்பதில்லை.

கூட்டம் பள்ளி நூலகத்தில் நடக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்போம். புத்தகக் கண்காட்சிக்கு யார் நிற்பது, ஆசிரியர்களுக்கு மதிய விருந்து எந்த நாள், பீட்சா மிச்சமானால் என்ன செய்வது. சின்ன விஷயத்துக்கும் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் கட்டிட நிதி ரசீதுதான் ஞாபகம் வரும். இங்கே பரவாயில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் எல்லை மாற்றம் வந்தது. ஒரு பள்ளியில் கூட்டம் பிதுங்குகிறது, அடுத்த பள்ளியில் வகுப்பறை காலி. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்று வாரியம் எல்லைக்கோட்டை மாற்றி வரையப் போகிறது என்றதும் ஊரே கொதித்தது. நவம்பரில் வாரியத் தேர்தலில் மூன்று பேர் அணியாக நின்றார்கள். பிடிஏ பெயரிலேயே அவர்களை ஆதரிக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அதில் நம் ஆட்களும் இருந்தார்கள். நான் எதிர்த்தபோது ஒரு தோழி நேராகவே கேட்டாள்: “நமக்கு ஓட்டும் இல்லை, பிடிஏவும் பேசாதுன்னா, நமக்காக யார்தான்க்கா பேசுவா?”

நியாயமான கேள்விதான். சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பிடிஏக்கள் பெரும்பாலும் 501(சி)(3) வகை வரிவிலக்கு பெற்ற அமைப்புகள். அந்த வகை அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954 முதல் இருக்கும் விதி. மீறினால் வரிவிலக்கே போகலாம். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் அதேதான். பிடிஏவில் உள்ள ‘டி’யை, அதாவது டீச்சரை, யாரும் யோசிப்பதில்லை. ஆசிரியர்களின் சம்பள ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பதே கல்வி வாரியம்தான். யார் தங்கள் முதலாளியாக வர வேண்டும் என்று பெற்றோர் முன்னால் கை தூக்கச் சொன்னால் அந்த ஆசிரியை என்ன செய்வார்? அரசியல் பேச அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. தவிர, கோட்டின் இந்தப் பக்கம் இருப்பவருக்கு லாபமான அணி, அந்தப் பக்கத்தவருக்கு நஷ்டம். இருவரும் ஒரே பிடிஏவுக்குச் சந்தா கட்டியவர்கள். தோற்ற பக்கத்தில் ஓட்டில்லாத குடும்பம் இருந்தால், அதற்கிருந்த ஒரே அறையும் இன்னொருவர் கட்சி அலுவலகம் ஆகிவிடும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு “நாங்கள் அரசியல் பேசமாட்டோம்” என்று வாய் பொத்துகிறார்களே, அது எனக்குப் பிடிப்பதில்லை. வேட்பாளர் வேறு, விஷயம் வேறு. 1897-ல் தாய்மார்களின் மாநாடாகத் தொடங்கிய அமைப்புதான் இன்றைய தேசிய பிடிஏ. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான சட்டத்துக்கும் பள்ளியில் சூடான மதிய உணவுக்கும் குரல் கொடுத்த வரலாறு அதற்கு உண்டு. பிஸ்கட் விற்றுக்கொண்டே இருந்திருந்தால் அதெல்லாம் நடந்திருக்காது.

நியூ ஜெர்சியில் இது இன்னும் முக்கியம். பள்ளி வரியைச் சில விதிவிலக்குகள் தவிர ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த மக்களின் ஒப்புதல் வேண்டும். கூரை மாற்ற, வகுப்பறை கட்ட என்று பெரிய கடன் வாங்குவதென்றால் பெரும்பாலான ஊர்களில் வாக்கெடுப்பு. அப்போது பள்ளி நிர்வாகம் “ஆம் என்று போடுங்கள்” என்று மக்கள் பணத்தில் பிரசாரம் செய்ய முடியாது. பார்சிப்பனி-ட்ராய் ஹில்ஸ் வாரியம் அச்சிட்ட ஒரு கையேடு தொடர்பான வழக்கில் 1953-ல் மாநில உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. வாரியம் தகவலை மட்டும் தரலாம் என்றால், வாதாட வேறு யாராவது வேண்டும். வாக்கெடுப்பில் நிலைப்பாடு எடுக்க பிடிஏவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, செலவு வரம்புக்குள் இருந்தால் சரி. எங்கள் பிடிஏ தலைமை இதற்கும் தயங்குகிறது. கூட்டம் நடத்த அறை, பிள்ளைகளின் பையில் போய்ச்சேரும் நோட்டீஸ், எல்லாம் பள்ளியின் தயவு. பள்ளி முதல்வர் முகம் கோணிவிடுமோ என்ற பயத்துக்கு நடுநிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

எல்லை மாற்ற விவகாரத்தில் கடைசியில் வேட்பாளர் கூட்டம் ஒன்று நடத்தினோம். எல்லோரையும் அழைத்தோம், எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். கேள்விகளை அட்டையில் எழுதி வாங்கினோம், பெயர் வேண்டாம் என்று. வந்தவற்றில் பாதிக்கு மேல் பஸ் பற்றியவை. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கிய ஒரு பாட்டிக்கு என் தோழிதான் எழுதிக்கொடுத்தாள்: ஆறு வயதுப் பேரன் அந்தப் பெரிய சாலையைக் கடந்து நடக்க வேண்டுமா? ஒரு வேட்பாளர் மழுப்பினார், அரங்கமே கவனித்தது.

கட்டிடக் கடன் வாக்கெடுப்பு அடுத்து வருகிறது. பிடிஏ ஆதரிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைத் தோழி முன்மொழிகிறாள், நான் வழிமொழியப் போகிறேன். வீட்டு வரி ஏறும் என்று என் கணவர் முனகுகிறார். அவரும் உறுப்பினர்தான், வந்து எதிர்த்துக் கை தூக்கட்டும்.