எபிரோன் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்ட பையன்

எங்கள் குழுவின் பயணத் திட்டத்தில் எபிரோன் கிடையாது. பெத்லகேமில் ஒரு நாள் ஓய்வு விட்டார்கள். நானும் அம்மாவும் தனியாக வண்டி பிடித்துத் தெற்கே போனோம். வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். வேதத்தில் இரண்டு பேர் தடியில் கட்டிச் சுமந்த எஸ்கோல் திராட்சைக் குலை இந்தப் பக்கத்தில் அறுத்ததுதான் என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு மறுபடி வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்துக்குள் போய்விட்டார். அப்பா போனதிலிருந்து அம்மா திரும்பத் திரும்ப வாசிப்பது யாக்கோபின் கதையைத்தான்.

ஆபிரகாமின் குடும்பத்தை அடக்கம் பண்ணிய மக்பேலா குகையை நேரில் பார்க்க முடியாது. அதன்மேல் ஏரோது ராஜா எழுப்பிய மதில் இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது. சில கற்கள் 7 மீட்டர் நீளம். சோதனைச் சாவடியைத் தாண்டி, செருப்பைக் கழற்றி, அம்மாவுக்குத் தலையோடு மூடும் அங்கி ஒன்று வாங்கிப் போட்டு, பள்ளிவாசல் பக்கமாக உள்ளே போனோம். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்கும் அவர் மனைவி ரெபெக்காளுக்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கல்லில், சின்ன வீடுகளைப்போல நினைவுக் கல்லறைகள். அவர்கள் மகன் யாக்கோபும் அவர் மனைவி லேயாளும் யூதர்கள் ஜெபிக்கிற மறுபக்கத்தில். ஆபிரகாமுடையதை இரண்டு பக்கத்திலிருந்தும் கம்பி வழியாகப் பார்க்கலாம்.

1994 பிப்ரவரியில் இங்கே தொழுகையில் இருந்த 29 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்கப்புறம்தான் கட்டடத்தை இப்படிப் பிரித்தார்கள். ஆபிரகாமை இந்தக் குகையில் வைத்தபோது அவருடைய மகன்கள் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே வந்தார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மனசு ரொம்பக் கனத்துவிட்டது.

மண்டபத்தின் தரையில் ஒரு சின்னத் துவாரம். மேலே விதானம்போல ஒரு கல் மண்டபம், உள்ளே சங்கிலியில் இறக்கிய விளக்கு. குனிந்து பார்த்தேன். கீழே இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி, முகத்தில் லேசான ஈரக்காற்று, அவ்வளவுதான். தேசம் முழுவதையும் தருவேன் என்று வாக்குப் பெற்றவர் ஆபிரகாம். ஆனால் மனைவியை அடக்கம் பண்ண ஒரு சாண் நிலம் அவருக்கு இல்லை. அந்த ஊர்க்காரரான ஏத்தின் புத்திரருக்கு முன்னால் குனிந்து, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிலத்துக்காரர் எப்பெரோன் சொல்லியும் கேட்காமல், 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து இதை வாங்கினார். மனைவி சாராள் இறந்தபோது வயது 127. வாக்குத்தத்தத்தில் முதலில் கைக்கு வந்தது ஒரு கல்லறை நிலம். நான் அந்த அதிகாரத்தை வெறும் நிலக்கிரயமாகவே வாசித்திருந்தேன். அந்தத் துவாரத்தின் பக்கத்தில் நின்றபோதுதான் அவருடைய விசுவாசம் எனக்கு உறைத்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். எதிரே பள்ளத்தாக்கு முழுக்க வீடுகள். அம்மா 37ஆம் அதிகாரத்தைத் திருப்பி, "இங்கேயிருந்துதான்டா யோசேப்பை அனுப்பினார்" என்றார்.

உண்மைதான். அண்ணன்மார் சுகமா என்று பார்த்துவரச் சொல்லி, எபிரோன் பள்ளத்தாக்கிலிருந்துதான் யாக்கோபு தன் 17 வயது மகன் யோசேப்பைச் சீகேமுக்கு அனுப்பினார். அங்கே அவன் வயல்வெளியில் வழிதெரியாமல் திரிந்தபோது யாரோ ஒரு மனிதன் பார்த்து, அவர்கள் தோத்தானுக்குப் போய்விட்டார்கள் என்றான். அந்த ஆளுக்கு வேதத்தில் பெயர்கூட இல்லை. அவன் சொல்லாவிட்டால் பையன் வீடு திரும்பியிருப்பான். அண்ணன்மார் அவனைத் தள்ளிய குழி இல்லை, அவனை விற்ற 20 வெள்ளிக்காசு இல்லை, அவன் அடிமையாகப் போன எகிப்தும் இல்லை. பஞ்சத்தில் இந்தக் குடும்பத்தின் கதி என்ன ஆகியிருக்கும்?

"அது சரி. மகன் உயிரோட இருக்கான்னு யாக்கோபுக்கு யார் வந்து சொன்னா? இருபத்திரண்டு வருஷம்டா" என்றார் அம்மா. அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பார்வோன் முன்னால் நின்றபோது யோசேப்புக்கு 30. செழிப்பான வருஷம் ஏழு, பஞ்சத்தில் இரண்டு. எல்லாம் எனக்கு விரோதமாகவே நடக்கிறது என்று யாக்கோபு அழுத நாளில், மகன் எகிப்தில் அதிபதியாக இருந்து, தானியம் வாங்க வந்த அண்ணன்மாரை அடையாளமும் கண்டுவிட்டான். அப்பாவுக்குத்தான் தெரியாது.

அப்புறம் அம்மா சொன்னது நான் அதுவரை கவனிக்காதது. "மகன் கையைவிட்டுப் போனப்போ அவனுக்கு 17 வயசு. எகிப்துல அவனோட யாக்கோபு இருந்ததும் 17 வருஷம். பறிகொடுத்த அளவுக்கே ஆண்டவர் திருப்பிக் கொடுத்திருக்கார் பாரு." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவை நினைத்திருப்பார். நான் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, யோசேப்பும் இங்கேதானா என்று கேட்டார். இல்லைம்மா என்றேன். யாக்கோபின் உடலை எகிப்திலிருந்து இந்தக் குகைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் அவருடைய எலும்புகளை இஸ்ரவேலர் பல தலைமுறைக்குப் பிறகு சுமந்துவந்து அடக்கம் பண்ணியது, யாக்கோபு 100 வெள்ளிக்காசுக்கு வாங்கிய நிலத்தில், சீகேமில்.

"அப்பா போகச் சொன்ன ஊர்" என்றார் அம்மா. பென்சிலை எடுத்து, வயலில் வழிகாட்டிய அந்த மனிதன் வருகிற வசனத்தின் கீழே கோடு போட்டார்.